பணிப்பட்டியல் கொணரும் கருவி

கணினியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கலைப்பட்டதாரிக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. நான் கற்றது தமிழும் வரலாறும்; முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவது ஆசிரியத் தொழில்; இன்று ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். கணினி எனக்குக் கடிதம் எழுதும் பொறியாகவே முதலில் அறிமுகமாயிற்று. ஆயினும் சென்ற தவணை விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தொழில் பார்ப்பவள். தான் ஆக்கிய சிறு கருவி ஒன்றைப் பற்றியும், அதனால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றியும் சொன்னாள். அவள் சொல்லிக்கொண்டு போகையில், ஆண்டுகள் பலவற்றுக்கு முன் என் கையாலே நேர்ந்த ஒரு பிழை நினைவுக்கு வந்தது. அவளுடையது கணினியில் நேர்ந்தது. என்னுடையது மையிலும் தாளிலும் நேர்ந்தது. பிழை மட்டும் ஒன்றே.

அக்கருவி செய்யும் வேலையை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடலாம். "இப்போது நடந்துகொண்டிருக்கும் ஸ்பிரிண்டில் என்னென்ன பணிகள் உள்ளன?" என்று ஒரு மென்பொருளைக் கேட்டு, அது தரும் விடையை ஒரு பட்டியலாகக் கொண்டுவந்து வைப்பதே அதன் வேலை. இதில் ஸ்பிரிண்ட் என்பது என்ன, பணிகள் எங்கே இருக்கின்றன, கேட்பது எப்படி என்ற மூன்றும் விளங்கினால் மற்றவை தாமே விளங்கும்.

ஸ்பிரிண்ட் என்பது விளையாட்டு மைதானத்துச் சொல். குறுந்தூர ஓட்டம் என்று நம் பாடசாலைகளிற் சொல்வோம். மென்பொருள் ஆக்குவோர் இச்சொல்லை எடுத்தாண்டமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1986ஆம் ஆண்டிலே தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள் ஹாவர்ட் வணிக இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புதிய பொருள்களை விரைந்து ஆக்கும் நிறுவனங்களில் வேலையானது ஒரு பகுதியினரிடமிருந்து அடுத்த பகுதியினருக்கு அஞ்சலோட்டக் கோல்போலக் கைமாறுவதில்லை. றக்பி விளையாட்டில் ஓர் அணி முழுவதும் பந்தோடு சேர்ந்து முன்னேறுவது போல, எல்லோரும் ஒருங்கே நகர்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். அந்த றக்பி உவமையிலிருந்தே ஸ்க்ரம் என்ற பெயர் பிறந்தது. ஜெஃப் சதர்லாந்து, கென் ஷ்வேபர் என்ற அமெரிக்கர் இருவர் அக்கருத்தை மென்பொருள் வேலைக்கு ஏற்ற முறையாக வகுத்து, 1995இல் ஒரு மாநாட்டிலே வெளியிட்டனர். 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்விருவர் உட்படப் பதினேழு பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலை விடுதியொன்றில் கூடி, இத்தகைய முறைகளுக்கெல்லாம் பொதுவான ஓர் அறிக்கையை வெளியிட்டபின், இவை உலகெங்கும் பரவலாயின.

இம்முறைப்படி, ஓராண்டு வேலையை ஒரே மூச்சில் திட்டமிட மாட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத குறுங்காலம் ஒன்றை வகுத்துக்கொள்வார்கள். பல குழுக்களில் அது இரண்டு வாரம். அக்காலத்துக்குள் இன்னின்ன பணிகளை முடிப்போம் என்று பொறுக்கி எடுத்து, அவற்றை மாத்திரம் செய்வார்கள். அந்தக் குறுங்காலமே ஸ்பிரிண்ட். நாள்தோறும் பதினைந்து நிமிடத்துக்கு மேற்படாமல் கூடி, வேலை எவ்வளவு நகர்ந்தது, எங்கே தடைப்பட்டது என்று பார்த்துக்கொள்வார்கள். காலைக் கூட்டத்தைப் பதினைந்து நிமிடத்தில் முடிக்கும் இந்த வித்தையை எங்கள் ஆசிரியர் கூட்டங்களுக்கும் கொண்டுவர முடியுமா என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாளேயன்றி விடை சொல்லவில்லை.

இனி, பணிகள் எங்கே இருக்கின்றன என்பது. தொடக்கத்தில் இத்தகைய குழுக்கள் சுவரிலே சிறு தாள்களை ஒட்டிவைத்து வேலை செய்தன. செய்யவேண்டியவை ஒரு புறம், நடப்பவை நடுவில், முடிந்தவை மறுபுறம். குழு பெருகி, ஒருவர் கொழும்பிலும் ஒருவர் வேறொரு நாட்டிலும் இருந்து வேலை செய்யத் தொடங்கியபின் சுவர் போதாதாயிற்று. பணிகளைப் பதிந்து, அவற்றின் போக்கைப் பின்தொடரும் மென்பொருள்கள் அவ்விடத்தைப் பிடித்தன. இவற்றுள் மிகப் பரவலாக வழங்குவது ஜிரா. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பல்கலைக்கழகத் தோழர் இருவர் 2002இல் தொடங்கிய அட்லாசியன் என்ற நிறுவனம் ஆக்கியது. இதன் பெயர் சுவையான ஒரு கதை. அக்காலத்தில் மென்பொருட் பிழைகளைப் பதிவதற்குப் பக்சில்லா என்ற மென்பொருள் வழங்கிவந்தது. அப்பெயர் திரைப்படப் பூதமாகிய கொட்சில்லாவை நினைவூட்ட, அப்பூதத்தின் ஜப்பானியப் பெயராகிய கொஜிரா என்பதை வேடிக்கையாக வழங்கி, பின்னர் முதலெழுத்தை விட்டு ஜிரா என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜிராவிலே ஒவ்வொரு பணியும் ஒரு சீட்டுப் போன்றது. அதற்கு ஓர் இலக்கம் உண்டு. தலைப்பு, விளக்கம், யார் பெயரில் உள்ளது, எவ்வளவு முதன்மையானது, எந்த நிலையில் இருக்கிறது, எந்த ஸ்பிரிண்டைச் சேர்ந்தது என்பனவெல்லாம் அச்சீட்டிலே தனித்தனிக் கட்டங்களில் எழுதப்பட்டிருக்கும். பலகை என்று ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தால் பழைய சுவரில் ஒட்டியது போலவே சீட்டுகள் நிரல்நிரலாகத் தோன்றும்.

அங்ஙனமாயின், பலகையைத் திறந்து பார்த்தால் போதாதா? தனியாக ஒரு கருவி எதற்கு? நானும் இதையே கேட்டேன். பார்ப்பதற்குப் பலகை போதும் என்றாள் அவள். ஆனால் அப்பட்டியலை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தவேண்டுமானால் பலகை உதவாது. காலைக் கூட்டத்துக்கு முன் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். வாரத்தின் முடிவில் அறிக்கை எழுதவேண்டும். சென்ற ஸ்பிரிண்டோடு ஒப்பிடவேண்டும். ஒவ்வொரு முறையும் பலகையைப் பார்த்துக் கையால் எழுதுவது பயனற்ற உழைப்பு. ஆகவே மனிதனுக்குப் பதிலாக ஒரு சிறு நிரலை அனுப்பிக் கேட்கச் சொல்கிறார்கள்.

நிரல் சென்று கேட்பதற்குத் தனியான வாசல் உண்டு. நாம் இணைய உலாவியிற் காணும் வண்ணப் பக்கங்கள் மனிதர்க்கு உரிய முன்வாசல். நிரல்களுக்கு உரிய பின்வாசலை ஏ. பி. ஐ. என்பார்கள். அங்கே வண்ணமும் இல்லை, படமும் இல்லை. ஒரு முகவரிக்குக் கேள்வியை அனுப்பினால், பெயரும் பெறுமதியுமாக அடுக்கப்பட்ட எழுத்துக்கோவை ஒன்று விடையாக வரும். இந்த எழுத்துக்கோவையின் வடிவத்துக்கு ஜேசன் என்று பெயர். ரோய் ஃபீல்டிங் என்பவர் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்விலே வகுத்துச் சொன்ன முறையைத் தழுவி இத்தகைய வாசல்கள் பல அமைந்துள்ளன.

கேள்வியை எழுதுவதற்கு ஜிரா ஒரு சிறு மொழியையே வைத்திருக்கிறது. ஜே. கியூ. எல். என்பது அதன் பெயர். கட்டத்தின் பெயர், ஒப்பிடும் குறி, பெறுமதி என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு வாக்கியம். வாக்கியங்களை 'மேலும்', 'அல்லது' என்பனவற்றால் இணைக்கலாம். திறந்திருக்கும் ஸ்பிரிண்டில் உள்ளவை, மேலும் முடிவுறாதவை, முதன்மை வரிசைப்படி தருக என்று கேட்கலாம். கேட்பவர் யார் என்பதையும் அது அறிந்திருப்பதால், 'என் பெயரில் உள்ளவை' என்றும் கேட்கலாம். இலக்கண மாணவனாகிய எனக்கு இந்த மொழி மிகவும் பிடித்துப்போயிற்று. எழுவாயும் பயனிலையும் பிசகினால் அது உடனே மறுத்துவிடுகிறது. என் மாணவர்களும் இவ்வளவு கண்டிப்பான ஆசிரியரைக் கண்டதில்லை.

பின்வாசலுக்கும் காவல் உண்டு. உள்ளே புகும் நிரல் தான் யார் சார்பில் வந்தது என்பதைக் காட்ட, ஓர் இரகசிய எழுத்துக்கோவையை உடன் கொண்டுசெல்லவேண்டும். முன்னொரு காலத்தில் அவரவர் கடவுச்சொல்லையே கொடுத்தார்கள். அட்லாசியன் இணையத்தின் வழி நடத்தும் சேவையில் இப்போது அதற்கு இடமில்லை. நிரலுக்கென்று தனித் திறவு ஒன்றை உண்டாக்கிக் கொடுக்கவேண்டும். வேண்டாதபோது கடவுச்சொல்லை மாற்றாமலே அதனை மாத்திரம் இரத்துச் செய்யலாம். இத்திறவை நிரலின் எழுத்துக்குள்ளேயே எழுதிவைப்பது, வீட்டுத் திறப்பை வாசற்கதவில் தொங்கவிடுவதற்கு ஒப்பானது. நிரலைப் பொதுவிடத்தில் வெளியிடும்போது திறவும் உடன் வெளியாகிவிடும். அதைக் கணினியிலே வேறோரிடத்தில் வைத்து, நிரல் ஓடும் வேளையில் மாத்திரம் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்றாள். இன்னும் ஒன்று: பட்டியலைப் படிப்பதே இக்கருவியின் வேலையாகையால், எழுதவும் அழிக்கவும் வல்ல திறவை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னவை எந்தக் கைந்நூலிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது இனித்தான் தொடங்குகிறது.

கருவிகள் செய்யும் பிழைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். கூவும் பிழை, கூவாத பிழை. திறவு தவறானால் வாசல் 401 என்ற இலக்கத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பும். அளவுக்கு மிஞ்சி அடிக்கடி கேட்டால் 429 என்று சொல்லிப் பொறுக்கச் சொல்லும். கேள்வியின் இலக்கணம் பிசகினாலும் அப்படியே. இவை கூவும் பிழைகள். எரிச்சலூட்டுமேயன்றிக் கேடு செய்வதில்லை. எவரும் உடனே திருத்திவிடுவர். கேடு விளைப்பவை மற்றவை.

அவளுடைய குழு, மக்கள் வைத்தியரைச் சந்திப்பதற்கு நேரம் பதிவுசெய்யும் ஒரு செயலியை ஆக்கிக்கொண்டிருந்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற மும்மொழியிலும் அது இயங்கவேண்டும். குழுவில் தமிழ் அறிந்தவள் அவள் ஒருத்தியே. அந்த ஸ்பிரிண்டில் 63 பணிகள் இருந்தன. அவள் தன் கருவியை எழுதி ஓட்டினாள். முதன்மை வரிசைப்படி அழகான பட்டியல் வந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு காலையும் அது மின்னஞ்சலில் வரும். குழுத்தலைவர் அதைப் பார்த்தே கூட்டத்தை நடத்துவார். சில நாள்களில் பலகையைத் திறந்து பார்ப்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பட்டியலில் 50 பணிகளே இருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கூறுகிறேன். விடைகள் அளவுக்கு மிஞ்சியிருந்தால் வாசல் அவற்றை ஒரே முறையில் கொட்டிவிடுவதில்லை. பக்கம் பக்கமாகத் தருகிறது. எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 50 என்பது வழக்கம். பைத்தன் மொழியிலே ஜிராவிடம் பேசுவதற்குப் பலரும் எடுத்தாளும் நூலகத்திலும், தேடும் கட்டளைக்கு நாம் ஒன்றும் சொல்லாதபோது கொள்ளப்படும் அளவு 50தான். ஆயிரம் தா என்று கேட்டாலும் வாசல் தன் மேல்வரம்புக்கு உட்பட்டே தரலாம். மீதியை வேண்டுமானால் அடுத்த பக்கத்தைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். கேட்காவிட்டால் அது குற்றமன்று. வாசலின் கணக்கில் நாம் கேட்டதைத் தந்தாயிற்று. விடையோடு வரும் இலக்கமும் 200. எல்லாம் நலம் என்பது அதன் பொருள்.

பழைய தேடல் வாசல், மொத்தம் எத்தனை என்பதையும் ஒவ்வொரு பக்கத்தோடும் சொல்லிவந்தது. கவனமுள்ளவர் அதைப் பார்த்து விழித்துக்கொள்ளலாம். அட்லாசியன் தன் இணையச் சேவையில் அந்த வாசலை 2025இல் மூடத் தொடங்கி, அதற்குப் பதிலாக வேறொன்றைத் திறந்தது. புதியது மொத்தத்தைச் சொல்வதில்லை. அடுத்த பக்கம் இருந்தால் அதைப் பெறுவதற்கு ஒரு சீட்டைத் தருகிறது. அச்சீட்டைக் காட்டி அடுத்ததைப் பெறவேண்டும். சீட்டு வராதபோதுதான் பட்டியல் முடிந்தது என்று அறிந்துகொள்ளலாம். பெருந்தொகைகளை ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொல்வது சேவையாளருக்குப் பாரமாக இருக்கலாம். ஆயினும் எண்ணிக்கை இல்லாத பட்டியல், கீழே கூட்டுத்தொகை போடாத கணக்கைப் போன்றது என்பது என் கருத்து.

விடுபட்ட 13 பணிகளில் ஒன்று, நேரம் பதிந்தோருக்கு அச்சிட்டுக் கொடுக்கும் சீட்டிலே தமிழெழுத்துகள் சிதைவதைத் திருத்தும் வேலை. முதன்மை வரிசையில் அது கடைசிப் பக்கத்தைச் சேர்ந்தது. எவர் பெயரிலும் இன்னும் எழுதப்படாதிருந்தது. ஸ்பிரிண்ட் முடியும்போது, முடியாத பணிகளை எங்கே மாற்றுவது என்று ஜிரா கேட்கும். அடுத்ததற்கு மாற்று என்று குழுத்தலைவர் பொத்தானை அழுத்தினார். அடுத்த ஸ்பிரிண்டிலும் அதே கதை. மூன்றாவதன் தொடக்கத்திலே செயலி மக்களிடம் போயிற்று. கொம்பு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், கால் இன்னோரிடத்தில் என்று சீட்டு அச்சாயிற்று. ஒரு முதியவர் அச்சீட்டைக் கருமபீடத்தில் நீட்டி, இது என்ன மொழி என்று கேட்டாராம். எந்த அறை, எத்தனை மணி என்பதை அவரால் வாசிக்க முடியவில்லை. அவருடைய முறை கடந்துபோயிற்று.

"தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி இருந்தும், சேர், என்னுடைய கருவிதான் அதை மறைத்துவிட்டது" என்றாள். அவளுடைய தேநீர் ஆறிப்போயிருந்தது.

இப்பொழுது என் கதையைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டு. நான் வகுப்பாசிரியன். அரசாங்கம் வழங்கும் சீருடைத் துணிக்காக வகுப்பு மாணவரின் பெயர்ப்பட்டியலை எழுதி அனுப்பவேண்டியிருந்தது. எங்கள் வரவு இடாப்பில் ஒரு பக்கத்துக்கு 40 வரிகள். வகுப்பிலோ 43 பிள்ளைகள். இடம்பெயர்ந்து வந்து தவணையின் நடுவே சேர்ந்த மூவரின் பெயர்களை அடுத்த பக்கத்தின் தலையிலே நானே எழுதியிருந்தேன். பெயர்களைப் பிரதிபண்ணி, இடாப்பை அருகே வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒப்புநோக்கினேன். 40 பெயரும் சரி. எழுத்துப்பிழைகூட இல்லை. கையொப்பமிட்டேன்.

துணி வந்த நாளில் மூன்று பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். இருந்த ஒரே சட்டையை இரவிலே தோய்த்துக் காலையில் உடுத்து வருகிறவர்கள் அவர்கள். பிறகு எப்படியோ துணி தேடிக் கொடுத்தோம். அது வேறு கதை. ஆனால் நான் எங்கே தவறினேன் என்பதைப் பல நாள் யோசித்தேன். நான் சோம்பியிருக்கவில்லை, ஒப்புநோக்கத்தான் செய்தேன். ஆனால் பட்டியலிலிருந்து இடாப்பை நோக்கிச் சென்றேன். இடாப்பிலிருந்து பட்டியலை நோக்கி வந்திருந்தால் 41ஆம் பெயரிலேயே தட்டுப்பட்டிருக்கும். பட்டியலைத் தொடக்கமாகக் கொண்டு எத்தனை முறை சரிபார்த்தாலும், பட்டியலில் இல்லாதது கண்ணிற்படாது. ஒரு தாளைக் கூட்டி எண்ணியிருந்தாலும் போதும். வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று எனக்குத் தெரியாதா?

கடைசியில் வந்தவர் பட்டியலின் கடைசியில் இருக்கிறார். கடைசியில் இருப்பவரே முதலில் விடுபடுகிறார். இந்த ஒழுங்கை எவரும் தீய எண்ணத்தோடு ஏற்படுத்தவில்லை. 40 வரியுள்ள தாளும் 50 விடையுள்ள பக்கமும் எவரிடமும் பகைமை பாராட்டுவனவல்ல.

பக்கக் கணக்கைப் போலவே ஓசையின்றி விழுங்கும் வேறு சிலவும் இருக்கின்றன என்று அவள் சொன்னாள். அவற்றுள் எனக்கு மிகவும் வியப்பூட்டியது வெறுங்கட்டம். ஒருவர் விடுமுறையிற் சென்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் இல்லாத பணிகளையெல்லாம் தா என்று கேட்கிறோம். எவர் பெயரிலும் இல்லாத பணி அவர் பெயரிலும் இல்லைத்தானே? ஆகவே அதுவும் வரவேண்டும் என்று நாம் நினைப்போம். வராது. கட்டத்தில் ஏதாவது ஒரு பெயர் எழுதப்பட்டிருந்து, அது அவர் பெயர் அல்லாததாக இருந்தால் மாத்திரமே அம்மொழி அதனை எண்ணிக்கொள்ளும். கட்டமே வெறுமையாயின் அது 'ஆம்' என்ற கணக்கிலும் இல்லை, 'அல்ல' என்ற கணக்கிலும் இல்லை. வெறுமையானவற்றையும் சேர்த்துத் தா என்று வெளிப்படையாகக் கேட்டால்தான் வரும். இதே விதி ஸ்பிரிண்ட் கட்டத்துக்கும் பொருந்தும். திறந்த ஸ்பிரிண்டில் இல்லாதவை எவை என்று கேட்டால், எந்த ஸ்பிரிண்டிலும் ஒருபோதும் சேர்க்கப்படாத பணி விடையில் வராது. எவரும் பொறுப்பேற்காத வேலையே மிகவும் கவனிக்கப்படவேண்டியது. அதுவே வராமல் நின்றுவிடுகிறது.

மற்றொன்று உரிமை. கேள்வி யாருடைய திறவைக் காட்டிக் கேட்கப்படுகிறதோ, அவருக்குக் காண உரிமையுள்ள பணிகளே விடையில் அடங்கும். மற்றவை சொல்லாமலே விலக்கப்படும். இரகசியம் காப்பதற்கு இது வேண்டியதே. ஆனால் அதே கருவியை இருவர் ஓட்டினால் இருவேறு பட்டியல்கள் வரலாம். இரண்டின் தலையிலும் ஒரே தலைப்பு இருக்கும். இதற்கு மாறாக, வேண்டாதது வந்துசேர்வதும் உண்டு. திறந்த ஸ்பிரிண்ட் என்று மாத்திரம் கேட்டால் பக்கத்துக் குழுவின் திறந்த ஸ்பிரிண்டும் சேர்ந்து வரும். ஒரு ஸ்பிரிண்டிலிருந்து அடுத்ததற்குத் தள்ளப்பட்ட பணி, பழையதன் பெயரையும் தன் கட்டத்தில் சுமந்துகொண்டேயிருக்கும். பழையதைத் தேடினாலும் அகப்படும். ஆனால் மிகுதியாக வந்ததை எவராவது ஒருவர் பார்த்து, இது எமதன்று என்று சொல்லிவிடுவார். குறைந்து வந்ததற்குச் சொல்லுவார் இல்லை.

இத்தகைய பட்டியல்களைக் கொண்டு ஆட்களை அளக்க முற்படும் மேலாளரும் உளர். இவர் இத்தனை பணி முடித்தார், அவர் அத்தனை என்று எண்ணுவது எளிது. எழுத்துச் சிதைவதைத் திருத்துவது ஒரு பணி; ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவதும் ஒரு பணி. பரீட்சைப் பெறுபேறுகளை வைத்துப் பாடசாலைகளை வரிசைப்படுத்தும் நாட்டிலே வாழும் எனக்கு இதைப்பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அதற்கு இன்னொரு பேச்சு வேண்டும்.

அவள் இப்போது கருவியைத் திருத்தியிருக்கிறாள். சீட்டு வருவது நிற்கும்வரை பக்கங்களைக் கேட்டுக்கொண்டே போகிறது. நடுவிலே வாசல் மறுத்துவிட்டால், பெற்ற மட்டும் போதும் என்று அரைகுறைப் பட்டியலை அனுப்பாமல், பட்டியல் முடியவில்லை என்று சிவப்பெழுத்திற் சொல்லி நின்றுவிடுகிறது. எவர் பெயரிலும் இல்லாத பணிகளைப் பட்டியலின் கடைசியில் விடாமல் தலையிலே தனியாக வைக்கிறது. இது தன்னுடைய சொந்த யோசனை என்று சற்றுப் பெருமையோடு சொன்னாள். யாருடைய திறவால் கேட்கப்பட்டது, எந்தக் கேள்வி, எத்தனை மணிக்கு என்பதும் அடியில் எழுதப்படுகிறது. பட்டியல் என்பது அந்தக் கணத்தின் பிரதிதானே. மின்னஞ்சலைத் திறப்பதற்குள் பலகையிலே ஒரு சீட்டு இடம்மாறியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: பக்கங்கள் 2, பணிகள் 63, முடிவு எட்டியது. திங்கட்கிழமைதோறும் குழுத்தலைவர் பலகையைத் திறந்து, அங்கே காட்டும் எண்ணிக்கையோடு அவ்வரியை ஒப்பிடவேண்டும் என்றும் ஏற்பாடு செய்திருக்கிறாள். அவ்வரியைச் சேர்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லையாம்.

நான் என் மேசை இழுப்பறையைத் திறந்து, எங்கள் பாடசாலையில் இன்று பட்டியல்களோடு இணைத்து அனுப்பும் சிறு படிவத்தை அவளுக்குக் காட்டினேன். இடாப்பின்படி எத்தனை, பட்டியலின்படி எத்தனை என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் ஒவ்வாவிடில் நான் கையொப்பமிட மாட்டேன். புதிதாக வரும் ஆசிரியர்கள் இதைக் கண்டு அலுத்துக்கொள்வதுண்டு. அவள் அதைக் கைப்பேசியிற் படம்பிடித்துக்கொண்டாள். அந்தச் சீட்டில் இப்போது தமிழ் ஒழுங்காக விழுகிறதாம். அடுத்த முறை வரும்போது ஒன்றைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் புறப்பட்டாள்.